செடிகளின் பெயர்ச்சீட்டு: பிளாஸ்டிக் பட்டையா, அலுமினியத் தகடா?

இமாம்பசந்த், பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்றுகளை அருகருகே வைத்துவிட்டால், காய்க்கும் வரையிலான மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒன்றுதான் சாட்சி. ஆகவே பெயர்ச்சீட்டில் நாம் முதலில் பார்க்க வேண்டியது, அதில் உள்ள எழுத்து எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத்தான்.

லேமினேட் செய்த காகிதத்தில் வெட்டிய விளிம்பு வழியே நீர் புகுந்துவிடும். ஐஸ் குச்சி ஈரமண்ணில் மக்கிவிடும். இவ்விரண்டையும் விட்டுவிடலாம்.

தயிர் டப்பாவிலிருந்து வெட்டிய வெள்ளைப் பட்டை செலவில்லாதது, தொலைவிலிருந்தும் படிக்க முடிவது. ஆனால் அதில் மார்க்கரால் எழுதினால், ஐப்பசி மழைக்கு அசையாத அதே மை சித்திரை வெயிலில் வெளுத்துப் போகிறது, ஏனெனில் புற ஊதாக் கதிர்கள் சாயத்தைச் சிதைத்துவிடுகின்றன. பென்சிலின் கிராஃபைட் கரியே என்பதால் வெயிலுக்கு மங்காது. பட்டையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து 2பி பென்சிலால் எழுதுவது மார்க்கரைவிட மேல். எனினும் நாளடைவில் பிளாஸ்டிக்கே நொறுங்கும் என்பதால், கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்துகிறேன்.

மரக்கன்றுகளுக்கு நான் தேர்ந்தெடுத்தது குளிர்பானக் கேனின் அலுமினியத் தகடு. சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ள அதைப் பழைய கத்தரிக்கோலால் வெட்டி, கையைக் கிழிக்கும் விளிம்புகளை உள்ளே மடித்து, செய்தித்தாள் அடுக்கின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும். அங்கே மை இல்லை, ஆகவே வெளுக்கவும் ஒன்றுமில்லை. பள்ளத்தில் படியும் அழுக்குகூட எழுத்தை எடுத்துக்காட்டவே செய்கிறது. கிட்டப் போய்ச் சாய்த்துப் பார்த்தால்தான் படிக்க முடியும் என்பது குறைதான், ஆயினும் மரக்கன்றின் பெயரை நாம் தினமும் படிக்கப் போவதில்லையே!

கவனம் வேண்டியது கட்டும் கம்பியில். ஈரத்தில் செம்புக் கம்பி பட்டால் அலுமினியம் துளையைச் சுற்றி அரித்துப்போகும். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். அலுமினியக் கம்பியையே தளர்வான வளையமாகக் கட்டி, தண்டு பருக்கும்போது ஆண்டுதோறும் நெகிழ்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பி மரப்பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

பெயின்ட் மார்க்கர் சாதாரண மார்க்கரைவிட நீடிக்கிறது என்றாலும், ஒரு கோடைக்கு மேல் அதை நான் வைத்துப் பார்க்காததால் உறுதி கூற மாட்டேன். அலுமினியத்திலோ, நட்ட ஆண்டையும் பெயருக்குக் கீழே அதே பக்கத்தில் பதித்துவிடுவது நல்லது. பின்பக்கத்தில் அழுத்தினால் முன்பக்க எழுத்தும் குழம்பிவிடும்.