ம் கொட்டுபவரா, எழுதுபவரா, திருப்பிச் சொல்பவரா?

என் கொப்பியில் அந்த வரி இன்னும் இருக்கிறது: "வெள்ளிக்கிழமை தண்ணீர் திறக்கப்படும்." சிறுபோக நெற்செய்கைக்கான கூட்டத்தில் அதிகாரி சொன்னதை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியவன் நான். எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில் கூட்டக்குறிப்பு எழுதுவது என் வேலை. அதிகாரி சொன்னது குளத்தின் தண்ணீர்க் கதவான துருசைத் திறக்கும் நாள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்கள் கேட்டதோ தங்கள் வரம்புக்குத் தண்ணீர் வந்துசேரும் நாள். இரண்டுக்கும் இடையில் நான்கு நாட்கள். அவர்கள் புதன்கிழமையே விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார்கள். முளைவிட்ட நெல் தண்ணீருக்காகக் காத்திருக்குமா? சாக்குக்குள் சூடேறி, வேரோடு வேர் பின்னி, ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்தபோது புளித்த மணம் அடித்தது. கோழிக்குக் கொட்டினார்கள்.

ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அவர்கள் அதிகாரியைத் திட்டினார்கள். ஒழுங்காகக் கேட்கவில்லை என்று அதிகாரி அவர்களைக் குறை சொன்னார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியது சரிதானே! அன்றிலிருந்துதான் ஆட்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன்.

முதலில், பாதியிலேயே அறிவுரை சொல்பவர். இவரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், பலர் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வில், பதிவுசெய்யப்பட்ட 74 சந்திப்புகளில் 17இல் மட்டுமே நோயாளி தன் பிரச்சினையை முழுவதுமாகச் சொல்ல முடிந்தது. குறுக்கீடு சராசரியாக 18 வினாடியில் வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு அவ்வளவு நேரம் கொடுத்தாலே பெரிய விடயம்.

அடுத்தவர் ம் கொட்டுபவர். ம் கொட்டாவிட்டால் அம்மம்மா கதையை நிறுத்திவிடுவார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கதையின் பாதிப் பாரம் கேட்கும் பிள்ளையின் தலையில்தான். ஒரு செத்தவீட்டில் இதைக் கிட்ட இருந்து பார்த்தேன். கணவரை இழந்த அக்கா வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார்: விடிய எழும்பியது, நெஞ்சு நோகிறது என்றது, வாகனம் பிடித்தது. பந்தலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிய ஒருவருக்கு அந்தக் கதை நாலு வசனத்தில் முடிந்தது. பாயில் முழங்கால் முட்ட உட்கார்ந்த ஒரு கிழவி "ஐயோ, பிறகு?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு மட்டும்தான், வாகனம் போய்க்கொண்டிருக்கும்போது கணவர் தன் மணிக்கூட்டைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தது வெளியே வந்தது. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்த எங்களில் யாருக்கும் அது தெரியாது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பாவலாஸும் இன்னும் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு ஓர் இரகசிய வேலை: குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவது. அவர்கள் காது கொடுத்துத்தான் இருந்தார்கள், ஆனால் கதை உள்ளே போகவில்லை. முகம் சுளிப்பதும் பதறுவதும் ஏறக்குறைய நின்றுபோயின. சொன்னவர்களின் கதையும் கெட்டது, அதுவும் உச்சமான முடிவிலேயே. பந்தலைப் பார்த்துத் தலையாட்டியவரும் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஆனால் இந்த ம்-ஐ நம்பி விதைநெல்லை ஊறப்போடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் மாமாவுக்கு ம் என்றால் தொடர்பு அறுபடவில்லை என்று மட்டுமே பொருள், மௌனமாக இருந்தால் "கேட்கிறதா? கேட்கிறதா?" என்று கத்துவார். அன்றைய கூட்டத்தில் கடைசி வாய்க்கால்காரர்களும் ம் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்தது என் கட்சி, எழுதுபவர். எழுத்தின் பலம் தெரிந்ததுதான்: ஆறு மாதம் கழித்து யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் கொப்பியைத் திறக்கலாம். ஆனால் எழுதுபவனின் கண் தாளில் இருக்கிறது. பின்வரிசையில் நெற்றி சுருங்கியதை நான் பார்க்கவில்லை.

எழுத்தால் மட்டும் கேட்கப்படுவது என்னவென்று வட இலங்கையின் வன்னிக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. போர் முடிந்தபின் அரசு அமைத்த, 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்து அமர்ந்தது. காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் இன்னோர் ஆணைக்குழு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோருக்கென்று ஓர் அலுவலகம். பல தாய்மார் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னார்கள், யாரோ ஒவ்வொரு முறையும் எழுதினார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்களிடம் கடதாசிக்குக் குறைவில்லை. பொலித்தீன் பைக்குள் பிரதி மேல் பிரதியாக இருந்தது. பதிவானதைத்தான் கேட்கப்பட்டது என்று நாங்கள் எழுதுபவர்கள் நினைத்துக்கொள்கிறோம்.

கடைசியில் திருப்பிச் சொல்பவர். "நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், சரியா?" என்று கேட்பவர். விமானிகளுக்கு இது கட்டாயம். கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் அனுமதியை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், கோபுரம் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மேலெழும்ப அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்த விமானி திருப்பிச் சொன்ன வசனம் தெளிவில்லாமல் இருந்தது. கோபுரம் அதற்கு "ஓகே" என்று தொடங்கியது. அதன்பின் வானொலியில் பேசும் சொற்கள் இறுக்கப்பட்டன. எங்கள் கூட்டங்களில் அந்த ஓகேயின் பெயர் "சரி சேர்".

இவருக்கும் குறை உண்டு. செத்தவீட்டில் அந்த அக்காவிடம் "அதாவது விடிய ஐந்து மணிக்கு நெஞ்சு நொந்தது, அப்படித்தானே?" என்று யாராவது திருப்பிச் சொல்லியிருந்தால், பொலிஸ் விசாரணை என்று எழுந்து போயிருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை. அதிகாரி சொன்னதைத் திருப்பிக் கேட்டால் எதிர்த்துக் கதைப்பதாக எடுத்துக்கொள்வார்கள். பின்வரிசைக்காரர் கையை உயர்த்தாததற்குக் காரணம் அதுதான். சந்தேகம் வராமல் இல்லை, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். கேட்பது என்ற ஒரே சொல்லுக்குள் காது கொடுப்பதையும் வினவுவதையும் சேர்த்துவைத்திருக்கிற மொழிக்காரர்களுக்கு இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்ததோ!

திகதி, ஏக்கர், ரூபாய், மருந்தின் அளவு என்று எண் வருகிற எதிலும் நான் இப்போது திருப்பிச் சொல்பவர் பக்கம். துக்கத்துக்கு அந்தக் கிழவியை மிஞ்ச ஆளில்லை. எழுதுபவனைத் தனியாக எங்கும் அனுப்ப மாட்டேன், பக்கத்தில் மற்ற இருவரில் ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு வேறோர் அதிகாரி வந்தார். "திங்கட்கிழமை தண்ணீர்" என்றார். நான் பேனையை மூடிவிட்டு எழுந்தேன். "சேர், திங்கட்கிழமை துருசு திறந்தால் எங்கள் கடைசி வாய்க்காலுக்கு வெள்ளிக்கிழமை வரும் என்று எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு சொன்னார்: "இல்லை, சனிக்கிழமை என்று எழுதுங்கள். நடுவில் ஒரு மதகு திருத்த வேண்டியிருக்கிறது."