எம்டனின் இரண்டு அதிகாரிகள்: முல்லரா, மியூக்கேயா?

முதல் உலகப் போரில் கலக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிப் படிக்க நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரில் தொடங்குவதா, அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கேயிலா?

கடற்போர்: முல்லர்தான். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியவர். பிடித்த கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். எதிரிப் பத்திரிகைகளே புகழ்ந்தன.

சாகசம்: மியூக்கே, சந்தேகமே வேண்டாம். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்கச் சுமார் 50 பேருடன் கரையிறங்கியிருந்தார். அதற்குள் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து எம்டனை நொறுக்கிவிட்டது. மனுஷன் அசரவில்லை. அங்கே நின்ற ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில் சுமத்ராவின் பாடாங் பக்கம், பிறகு சரக்குக் கப்பலில் ஏமன், அப்புறம் ஒட்டகம், ரயில் என்று 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்தார்!

பிற்காலம்: முல்லர் மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதி, 1923-ல் 49 வயதில் மரணம். மியூக்கே நாஜிக் கட்சியில் சேர்ந்து, விலகி, போர் எதிர்ப்பாளராகி, அதே நாஜிகள் ஆட்சியில் சிறைக்கும் போனவர்.

சொந்த எழுத்து: முல்லர் நினைவுக்குறிப்பே எழுதவில்லை. மியூக்கே எழுதினார், நன்றாகவே விற்றது.

சென்னை வரலாறு வேண்டுமென்றால் முல்லர். பயணக் கதையும் அரசியல் மனமாற்றமும் பிடிக்குமென்றால் மியூக்கே.