ரத்தச்சோகைக்கு மாத்திரையா, ஊசியா?

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தச்சோகை. 7 வரை பெரும்பாலும் மாத்திரையே போதும்: 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது, தினம் இரண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அது பலிக்காமல் போவது பலநேரம் விழுங்கும் வேளையால்தான். முக்கூடல் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்தபடி டீ குடித்தே பொழுதை ஓட்டும் பெண்கள் கவனிக்க வேண்டும்: டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. டீக்கு ஒரு மணி நேரம், கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட எடுத்தால் நல்லது. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. பயந்து நிறுத்திவிடாதீர்கள், தாயி.

சீக்கிரம் ஏறட்டும் என்று எடுத்தவுடன் ஊசி கேட்பது தேவையில்லாதது. ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் 1 கிராம்கூட ஏறவில்லை, வயிறு ஏற்கவில்லை, கர்ப்பத்தில் தாமதமாகத்தான் ரத்தச்சோகை தெரியவந்தது என்றால் ஊசி. அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்து 200 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். முதல் மூன்று மாதம் கூடாது. அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

கடைசி மாதங்களில் 7-க்குக் கீழே இறங்கினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்தில் சேர வேண்டும். 5-க்கும் கீழே என்றால் ரத்தம்தான் ஏற்றுவார்கள்.