முறுக்கு கடித்தால் கவனம் 91: மூளையலைப் பட்டை ஒன்றைப் பற்றி

22 வருடம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை) டெக்னீஷியனாக இருந்தேன். "எண்ணெய் வைக்காம, ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்தது. மண்டையில் 21 இடத்தில் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மின்முனைகளை ஒட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதனால், நெற்றியில் மாட்டினாலே மூளையலை செல்போனில் தெரியும் என்று என் பெண் ஒரு பட்டையை வாங்கி வந்தபோது சிரிப்புதான் வந்தது. ஏறக்குறைய 25,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம்.

நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு, ஆக நான்கு மின்முனை. பேஸ்ட் கிடையாது, வெறும் உலோகம். நொடிக்கு 256 முறை அளக்கிறது. மண்டைத்தோலில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட்தான். டார்ச் செல்லின் ஒன்றரை வோல்ட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பிடிப்பதே பெரிய விஷயம். பிடிக்கவும் செய்கிறது.

கோளாறு செயலியில். 'கவனம்' என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தேன், 54. முறுக்கைக் கடித்தேன், 91! தாடைத் தசையின் மின்சாரம் 20 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20 அலை) மேல் பரவிக் கிடக்கும். விழிப்போடு இருக்கும்போது வரும் பீட்டா என்ற மூளையலையும் 13 முதல் 30 வரை அங்கேதான்; தசையைச் செயலி பீட்டா என்று எண்ணிவிட்டது. கண்ணை உருட்டினால் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே மலைபோல எழும். அதை, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் டெல்டா அலை என்று எடுத்துக்கொண்டு எனக்கு 'ஆழ்ந்த ஓய்வு' கொடுத்தது. வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே எந்த டெக்னீஷியனும் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

ஆனால் மூலப் பதிவைக் கோப்பாக எடுக்க வழி வைத்திருக்கிறார்கள். கொடுத்த காசு அதற்குத்தான். எம்.என்.இ-பைத்தான் என்ற இலவச மென்பொருளில் பெண் அதைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது 50 ஹெர்ட்ஸில் ஊசிபோல ஒரு கோடு. "என்னப்பா இது?" என்றாள். வீட்டுக் கரண்ட்தான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதியாகக் குறைந்தது. 1-க்குக் கீழும் 40-க்கு மேலும் வடிகட்டியதில் மிச்சமும் போனது. 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய துண்டுகள் பெரும்பாலும் கண் சிமிட்டல், தூக்கிப் போட்டோம். ஐ.சி.ஏ. (கலந்து கிடக்கும் சிக்னலைத் தனித்தனிக் கூறாகப் பிரிக்கும் கணக்கு) போட்டுச் சிமிட்டலை மட்டும் பிரிக்கலாமே என்றாள். மின்முனைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு தடத்திலிருந்து நான்கு கூறுக்கு மேல் கிடைக்காது; சிமிட்டலோடு மூளையலையும் சேர்ந்து போகிறது. விட்டுவிட்டோம்.

அப்புறம் வெல்ச் முறை. பதிவை இரண்டிரண்டு நொடித் துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஃபூரியே மாற்றம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு வலு என்று பிரிப்பது) செய்து சராசரி எடுப்பது. ஒரு துண்டை மட்டும் பார்த்தால் வரைபடம் குதியாய்க் குதிக்கும், சராசரியில் அடங்கிவிடும். இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருந்தேன். காதுக்குப் பின்னால் உள்ள தடத்தில் 9.5 ஹெர்ட்ஸில் அழகாக ஒரு மேடு. கண்ணைத் திறந்து எடுத்த பதிவில் மேட்டைக் காணோம். 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் யேனா நகரில் கண்டு சொன்ன அதே ஆல்ஃபா அலை, கண்ணை மூடினால் எழுவது! நொடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும் தாளில், மூன்று சென்டிமீட்டருக்குள் எத்தனை முகடு என்று பேனா முனையால் நான் எண்ணிய காலம் உண்டு. இப்போது கம்ப்யூட்டர் எண்ணுகிறது.

நெற்றித் தடங்களில் ஆல்ஃபா ஏறக்குறைய இல்லை. அது வலுவாக வருவது பின்மண்டையில். அங்கே ஒரு மின்முனைகூட வைக்கவில்லை. முடிக்குள் வெறும் உலோகம் நிற்காது, புரிகிறது. இருந்தாலும் குறைதான்.

சிக்னல் ப்ராசஸிங் படிக்கும் பிள்ளைகள் தாராளமாக வாங்கலாம். தியான மதிப்பெண்ணுக்காக என்றால் வேண்டாம். வலிப்பு இருக்கிறதா என்று இதில் பார்க்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கூடாது, அதற்கு முழு ஈ.ஈ.ஜி.யும் அதைப் படிக்கும் மருத்துவரும் வேண்டும்.

மாட்டும் முன் காதுக்குப் பின்னால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இருந்தால் அந்த இரண்டு தடமும் சரியாக வராது. வேலையை விட்ட பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.