பிரீமியர் டேலண்ட்: 10 சதவீத கமிஷனுக்கு என்ன கிடைத்தது?

ஃபிராங்க் பார்சலோனா 1964-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரீமியர் டேலண்ட் ஏஜென்சியை இன்று யாரும் அமர்த்த முடியாது. 2002-ல் அது வில்லியம் மோரிஸ் என்ற இன்னொரு ஏஜென்சியின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் ஒரு ராக் இசைக்குழு, தனக்காக மேடை நிகழ்ச்சிகளைப் பேசி முடித்துத் தரும் புக்கிங் ஏஜென்டிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டால், இந்த ஏஜென்சியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பார்சலோனா அதற்கு முன் ஜி.ஏ.சி. என்ற பெரிய ஏஜென்சியில் இருந்தவர். அந்தக் காலத்தில் ராக் குழுக்களைக் கும்பலாக மேடையேற்றி, ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டோடு இறக்கிவிடுவார்கள். அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்தும் புரமோட்டருக்கு அந்த ஒரு ராத்திரி வசூலோடு சரி. அந்தக் குழு அடுத்த வருஷம் என்ன ஆகும் என்ற அக்கறை அவருக்கு இல்லை. பார்சலோனா ஊருக்கு ஒரு இளம் புரமோட்டரைப் பிடித்து வளர்த்தார். பாஸ்டனில் டான் லா, பிலடெல்பியாவில் லாரி மேகிட், சான் பிரான்சிஸ்கோவில் பில் கிரஹாம். பெயர் தெரியாத குழுவைக் கிளப்பில் போட்டு நஷ்டப்பட்டவருக்கே, அது பெரிய அரங்கத்தை நிரப்பும்போதும் தேதி கிடைக்கும். இந்த ஏஜென்சியின் உயிரே இந்த ஏற்பாடுதான்.

இது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டால் தெரியும். 3,000 இருக்கை, டிக்கெட் 10 டாலர், செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 10,000 டாலர் கேரண்டி, அல்லது செலவு போக மிஞ்சுவதில் 85 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. நம் சினிமா விநியோகத்தின் மினிமம் கேரண்டி போலத்தான். அரங்கம் நிறைந்தால் மிஞ்சுவது 18,000. குழுவுக்கு 15,300, புரமோட்டருக்கு 2,700. ஏஜென்டின் 10 சதவீத கமிஷன், அதாவது 1,530, குழுவின் பங்கிலிருந்து போகும். ஆயிரம் டிக்கெட்தான் விற்றது என்றால் வசூல் 10,000. செலவும் கேரண்டியும் சேர்ந்து 22,000. புரமோட்டர் கையிலிருந்து 12,000 போய்விட்டது. ஒரு கெட்ட ராத்திரியை ஈடுகட்ட நான்கைந்து நிறைந்த ராத்திரிகள் வேண்டும். அடுத்த சுற்றிலும் குழு தனக்கே வரும் என்ற உறுதி இல்லாவிட்டால் புதுக் குழுவை எவர் தொடுவார்? கேரண்டியை எவ்வளவு உயர்த்தினார் என்பதை வைத்து மட்டும் ஏஜென்டை எடை போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அரங்கம் தாங்காத கேரண்டி வாங்கித் தந்தால், அந்த ஊரில் குழுவுக்கு இரண்டாவது தேதி கிடைக்காது.

பேரம் பேசுவதிலும் பார்சலோனா கெட்டி. 1967-ல் வானொலி அறிவிப்பாளர் மரே தி கே, நியூயார்க்கில் தான் நடத்திய நிகழ்ச்சிக்குப் பாடகர் மிட்ச் ரைடரைக் கேட்டார். ரைடர் வேண்டுமானால் தி ஹூ என்ற பிரிட்டிஷ் குழுவையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று பார்சலோனா பிடிவாதமாக நின்றார். அமெரிக்காவில் தி ஹூ முதன்முதலாக மேடையேறியது அப்படித்தான். பிரீமியர் புக் செய்த யூ2 குழு 1980 டிசம்பரில் நியூயார்க்கின் தி ரிட்ஸ் கிளப்பில் வாசித்து அமெரிக்க மேடைக்கு அறிமுகமானது. 1985 ஏப்ரலில் அதே ஊரின் பெரிய அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டன். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் ஊர் ஊராகப் போய் கூட்டம் சேர்த்த காலம்.

குறையும் உண்டு. ஒரு ஊரை ஒருவருக்கே கொடுத்தால் வெளியாட்களுக்குக் கதவு அடைபடும். போட்டி இல்லாததால், ஏற்கெனவே புகழ் பெற்ற குழுவுக்குச் சந்தை விலை முழுசாகக் கிடைக்காமல் போகலாம். அதைவிடப் பெரிய பலவீனம், எல்லாமே அந்த ஊர்க்காரப் புரமோட்டர்களை நம்பி நின்றது. 1990-களின் பிற்பகுதியில் எஸ்.எஃப்.எக்ஸ். என்ற பெரிய நிகழ்ச்சி நிறுவனம் அவர்களின் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கியது. நாடு முழுக்கச் சுற்றுப்பயணத்தை ஒரே காசோலையில் வாங்க ஆள் வந்த பிறகு, எந்த ஊரில் யாருக்கு எந்தக் குழு என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று.