துபாய் ஸ்டாக் என்று விற்கும் ஷிம்மர் பேலட்: தயவுசெய்து கண்ணில் போடாதீர்கள்

முகூர்த்த சீசனுக்கு மேக்கப் பொருள் வாங்கிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும், முக்கியமாக வீட்டிலிருந்தே பிரைடல் மேக்கப் செய்யும் தோழிகளுக்கும் இந்த எச்சரிக்கை.

செம்பு, வெண்கலம், பொன்னிறம், துரு நிறம் என வார்ம் டோன் ஷிம்மர் ஷேடுகள் நம் மாநிறத்துக்கும் அரக்குப் பட்டுக்கும் அவ்வளவு எடுப்பாக இருக்கும். இமையில் பூசும் அந்த ஷேடுகள் ஒரே பெட்டியில் வரும் பேலட் ஒன்றை ஆன்லைனில் ஒரு விற்பனைப் பக்கத்தில் வாங்கினேன். பெரிய வெளிநாட்டு பிராண்டின் பெயர் போட்டிருந்தது. "ஒரிஜினல்தான் சிஸ், துபாய் ஸ்டாக், அதான் ரேட் கம்மி" என்று வாட்ஸப்பில் அடித்துச் சொன்னார்கள்.

மணப்பெண்ணுக்குப் போடும் முன் புதுப் பொருளை என் கண்ணில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். செம்பும் வெண்கலமும் பிரஷ்ஷில் நிற்காமல் கன்னமெல்லாம் உதிர்ந்தன. பொன்னிறத்தை இமை நடுவில் விரலால் ஒற்றியதும் உறுத்தல் ஆரம்பித்தது. கழுவியும் போகவில்லை. ராத்திரிக்குள் இமை வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் கொட்டியது. கண் டாக்டர் சொட்டு மருந்தில் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார்: கருவிழியில் கீறல்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னிறத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். தூளே இல்லை, ஓரம் கூரான ஆறுமூலைத் துணுக்குகள்! பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு ஒட்டும் கிராஃப்ட் கிளிட்டர். கண்ணுக்கான ஷிம்மரில் மின்னுவது பெரும்பாலும் மைக்கா என்ற கனிமம். டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசிய மிக நுண்ணிய தூள். கிராஃப்ட் கிளிட்டரோ அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளை வெட்டியது. உள்ளே போய்விட்டால் இமைக்கும்போதெல்லாம் உரசும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் அன்பாக்ஸிங் வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன். அடுத்து, "அலர்ஜிக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல மேம்." டாக்டர் சீட்டை அனுப்பியதும் பிளாக். எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. நான் முதலில் போட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால், அதே வாரம் ஒரு பொண்ணு அந்தப் பேலட்டோடு மணமேடையில் உட்கார்ந்திருப்பாள்.

வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி இறக்குமதிப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும், அதை வைத்திருப்பவரின் பெயர், முகவரியும் இருந்தாக வேண்டும். இங்கேயே தயாரானது என்றால் உற்பத்தி உரிம எண். எதுவானாலும் பேட்ச் எண், காலாவதித் தேதி. எனக்கு வந்ததில் இவை ஒன்றுமே இல்லை, வெறும் பார்கோடு. "பில் வராது, ஃபர்ஸ்ட் காப்பிதான், ஆனா குவாலிட்டி சேம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபர்ஸ்ட் காப்பி என்றால் போலி, அவ்வளவுதான்.

ஏற்கெனவே போட்டு உறுத்தினால் கண்ணைக் கசக்கவே கூடாது. லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, உறுத்தல் அடங்காவிட்டால் உடனே கண் டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடை சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுகிறேன். அழகுசாதனப் பொருளும் அவர்கள் பொறுப்புதான். பேலட், கூரியர் கவர், சாட், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி மாட்டியவர்கள் நீங்களும் எதையும் தூக்கிப் போடாமல் புகார் கொடுங்கள்.