செட்டிநாட்டு வீடா, சித்தன்னவாசல் குகையா?

காரைக்குடியில் அறை எடுத்துவிட்டு, எங்கே போவது என்று நானும் என் நண்பனும் ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டினோம். அவன் வீடு கட்டித்தரும் எஞ்சினியர். செட்டியார்களின் பெரிய வீடுகள் இருக்கும் கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று நின்றான். எனக்குக் குகையும் கல்வெட்டும். கடைசியில் ஆளுக்கு ஒரு நாள் என்று முடிவானது.

முதலில் அவன் நாள். ஆத்தங்குடி பெரிய வீட்டில் சின்னக் கட்டணம் கட்டினால் உள்ளே விடுகிறார்கள். கானாடுகாத்தான் அரண்மனையை நாங்கள் வெளியிலிருந்துதான் பார்த்தோம். இந்த வீடுகளின் முகப்பில் நின்றால் வளவு என்ற நடுமுற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பின்வாசல் வெளிச்சம் நேராகத் தெரிகிறது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது! பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவன், அப்புறம் சுவரைப் புறங்கையால் தடவினான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியது. "இதுக்கு யாருடா இப்ப கூலி கொடுப்பா?" என்றான்.

எனக்கு வீட்டைவிட ஆத்தங்குடி ஓடு செய்யும் பட்டறைதான் பிடித்தது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ மட்டும் அப்படியே நிற்கிறது. மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டால் கண்ணாடி தானாக விட்டுவிடும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். பாலிஷ் ஏதும் கிடையாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வீட்டோடு எனக்கு எல்லா வீடும் ஒன்றாகிவிட்டது. போதாததற்கு, ஒரு வீட்டில் காசை வாங்கிக்கொண்டு முன்கூடத்தோடு திருப்பி அனுப்பினார்கள். பாதி வீடுகள் பூட்டுதான். ஆள் இருக்கும் வீட்டில் எட்டிப் பார்க்கவும் கூச்சம்.

மறுநாள் சித்தன்னவாசல், புதுக்கோட்டையிலிருந்து 16 கிமீ. பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயில் மண்டபக் கூரையில் தாமரைக் குளம்: மீன், யானை, பூப்பறிக்கும் ஆள். நிறைய உதிர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. 9ஆம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. கருவறைக்குள் நின்று வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுத்தால் அறை முழுக்க ரீங்காரம். நண்பன் நாலு தடவை இழுத்துப் பார்த்தான்.

அதே குன்றில் சமணத் துறவிகள் தங்கிய குகை, ஏழடிப்பட்டம், வேறு கதை. பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். உயரம் கண்டு தலைசுற்றும் ஆளைக் கூட்டிப் போகாதீர்கள். உள்ளே 17 கல் படுக்கைகள், தலையணை மாதிரித் தலைமாட்டில் மேடு விட்டு வெட்டியவை. ஒன்றில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமி. என் எஞ்சினியர் ஒரு படுக்கையைச் சாணால் அளந்துவிட்டு, "காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்துத்தான் போட்டிருக்கான்" என்றான். வீட்டைப் பற்றிப் பேசும் அதே குரல்.

அடுத்து நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயில். வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. முத்தரையர் குலச் சிற்றரசர் ஒருவர் எடுத்த இந்தக் கற்கோயில் மழையில் இடிந்ததையும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுக்கியதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே எங்களைத் தவிர யாருமில்லை. பாறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். முதல் நாள் எந்த வீட்டிலும் எங்களுக்கு அப்படி உட்கார வாய்க்கவில்லை.

ஒரே நாள்தான் என்றால் என் ஓட்டு கல்லுக்கு. பெரியவர்கள் கூட வந்தால், முட்டி வலி இருந்தால், வீடுகளுக்கே போங்கள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். பத்து மணிக்குமேல் பாறையில் கால் வைக்க முடியாது. சண்டை தீரவே இல்லையென்றால் நடுவழியில் திருமயம் இருக்கிறது: 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை, அடிவாரத்தில் அடுத்தடுத்து சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள். பெருமாள் கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.